காலை ஆறு மணி ட்ரையல்

கை வெச்சுறாதீங்க சார், கொதிச்சுக் கெடக்குது. பானெட்டைத் தூக்கி விட்டாச்சு, காத்துப் போகட்டும். இந்த ஈரத்துணி பெட்ரோல் பம்ப்பு மேல அப்படியே கெடக்கட்டும். ஒரு இருபது நிமிஷம் ஆகுங்க. ஆமாங்க, வெறும் துணிதான். பயந்துக்காதீங்க, இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. அம்மா, நீங்க ஏன் வெய்யில்ல நிக்கறீங்க, உள்ள ஃபேன் ஓடுது, அந்த ஸ்டூலைப் போட்டு உக்காருங்க. நானும் சாரும் பாத்துக்கறோம்.

இல்லம்மா, இருங்க. அது என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க உக்காருங்க.

ஏஞ்சார், என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது? கண்ணாடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்லயா? அதாங்க நினைச்சேன். செல்லமுத்து ஒர்க்ஸ், கரூர், கீழ ஒரு ஸ்பேனர் படம். அதை ஒட்டுனது நான்தான். வெள்ளை வண்டி, தொண்ணூத்தேழு மாடல், பைபாஸ்ல நின்னுபோச்சுன்னு நீங்க போன்ல சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. அப்பறம் நீங்க பின்னாடி நின்னு தள்ள, அம்மா உள்ள உக்காந்து ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு வந்தாங்களே, அப்ப நான் நம்பர் பிளேட்டைப் பாக்கவே இல்லீங்க. பாக்காமலே தெரிஞ்சுது. இந்த வண்டிய நான் ஒம்பது வருஷம் பாத்திருக்கேன்.

எப்ப வாங்குனீங்க? ரெண்டு மாசமா. குளித்தலை புரோக்கர்கிட்டயா. ஒரு டீச்சரம்மா வெச்சிருந்த வண்டி, அலுங்காம ஓட்டுனதுன்னு சொல்லியிருப்பானே? சொன்னானா. புரோக்கருங்க சொல்றதுல அது ஒண்ணு நிஜங்க.

சரி, கம்ப்ளைன்ட் என்னன்னு நீங்க சொல்லுங்க சார். விக்கல் எடுத்த மாதிரி எப்ப விக்குது, எப்படி விக்குது? சும்மா போயிட்டே இருக்கும், திடீர்னு நின்னுக்குமா. அவ்வளவுதானா. சரி, பரவால்லீங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இல்லம்மா, சார்கிட்டயே கேட்டுக்கறேன், நீங்க சிரமப்படாதீங்க. தண்ணி கேன்ல இருக்குது பாருங்க.

வெய்யில் காலத்துல பழைய வண்டி விக்குதுன்னா அதுக்குப் பத்துக் காரணம் இருக்குதுங்க. ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கலாம். டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கலாம். பிளக்கு, காயிலு, கார்ப்ரேட்டர் எதுவா வேணா இருக்கலாம். இதுல எதுன்னு கண்டுபுடிக்கத்தான் ட்ரையல். என் ட்ரையல் எப்பவும் காலைல ஆறு மணிக்குத்தாங்க. முப்பத்தோரு வருஷமா அதே நேரம்தான். ரோடு காலியா இருக்கும், டிராபிக் கெடையாது, இஞ்சின் சத்தம் சுத்தமாக் காதுல விழும். பைபாஸ்ல அந்தக் கடைசி வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்புனா வண்டிக்கு என்ன நோவுன்னு சொல்லிருவேன். கரூர்ல யாரை வேணாக் கேட்டுப் பாருங்க. மத்தியானத்துல நான் வண்டிய எடுக்கறதில்லீங்க, வெய்யில் எனக்கு ஆகாது.

சிரிக்கறீங்க. சிரிங்க. சிரிக்க வேண்டியதுதான்.

இந்த வண்டி தமயந்தி டீச்சரோடது. வெங்கமேட்டுல வீடு. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க வீட்டுக்காரர் வையாபுரி சார், போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவரு. சாருக்குத்தான் மொதல்ல ஓட்டத் தெரியும், டீச்சருக்கு ஸ்டியரிங்கே தொடத் தெரியாது. சாருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துருச்சுங்க. பேச்சும் கொழகொழன்னு ஆயிருச்சு. அன்னிக்குத்தான் டீச்சர் போயி டிரைவிங் ஸ்கூல்ல சேந்தாங்க. ஐம்பத்தொம்பது வயசுல. எட்டுப் போட்டு மூணாவது தடவ பாஸானாங்க. பாஸானதும் நேரா இங்க வந்து எனக்கு ஒரு லட்டு குடுத்தாங்க.

செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூர் ரோட்டுல இருக்கற பிசியோதெரபிக்கு சாரைக் கூட்டிட்டுப் போவாங்க. பன்னெண்டு மணிக்குத்தான் அங்க நேரம் கெடச்சுது. முக்கா மணி நேரம் கையக் கால நீட்டி மடக்கி விடுவாங்க. அது வரைக்கும் வண்டி வெளிய வெய்யில்ல நிக்கும். அப்பறம் டீச்சர் அவரை முன் சீட்டுல உக்கார வெச்சு, பெல்ட்டப் போட்டு, மேம்பாலம் ஏறி வீட்டுக்கு வருவாங்க. எங்கூட்டுக்காரம்மா அதைப் பாத்துட்டு வந்து ரெண்டு நாள் பேசுனா. நான் பொம்பளைங்க வண்டி ஓட்டறதத் தப்பா நினைக்கறவன் இல்லீங்க. எங்கூட்டுக்காரம்மாவே ஸ்கூட்டி ஓட்டறா. பின்னாடி உக்காரத்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி மார்ச் மாசம் டீச்சர் வந்தாங்க. செல்லமுத்து, வண்டி விக்குதுப்பா, பாலத்து ஏத்தத்துல மூச்சு வாங்குற மாதிரி விக்கி விக்கி நிக்குது, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், இவரு பயந்துக்கறாருன்னாங்க. விட்டுட்டுப் போங்க டீச்சர்னேன். காலைல ஆறு மணிக்கு எடுத்தேன். பட்டு மாதிரி ஓடுச்சுங்க. இருந்தாலும் கார்ப்ரேட்டரைக் கழட்டிக் கழுவி மாட்டிக் குடுத்தேன்.

ஒரு வாரத்துல திரும்ப வந்தாங்க. பிளக்கு மாத்துனேன், ஃபில்டர் மாத்துனேன். ஆறு மணிக்கு எடுத்தேன். பட்டு மாதிரி ஓடுச்சு.

மே மாசம் மூணாவது தடவ வந்தப்ப ஒரு பேப்பர் கொண்டாந்தாங்க. கோடு போட்ட நோட்டுத் தாளு, நாலா மடிச்சிருந்துச்சு. என்னென்னிக்கு எப்ப விக்குச்சுன்னு எழுதியிருக்கேன், கொஞ்சம் படிச்சுப் பாரு, காலைல விக்கவே மாட்டேங்குதுப்பா, வெய்யில்ல நின்னு எடுத்தாத்தான் விக்குதுன்னாங்க. படிக்கறேன் டீச்சர்னு வாங்கிக்கிட்டேன். படிக்கல. கணக்கு டீச்சர் எனக்கே வீட்டுப்பாடம் குடுக்கறாங்கன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அப்ப ஒரு லாரி ஓனரும், டிங்கர் வேலை பாக்கற மாரப்பனும் இங்க இருந்தாங்க. அவங்களும் சிரிச்சாங்க. டீச்சரும் சேந்து சிரிச்சாங்கன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவங்க பையன் போன் பண்ணுனான். இளங்கோன்னு, பூனாவுல இருக்கறான். நல்ல பையன், அம்மா மேல உசுரு. அப்ப டீச்சர் வண்டிய எடுக்க வந்து இந்த வாசல்ல, இதோ உங்க வீட்டம்மா நிக்கறாங்களே, அங்கதான் நின்னாங்க. பையன் கேக்கறான், அண்ணே, அம்மா பாலத்து மேல நின்னு அப்பாவ வெச்சுக்கிட்டுத் தவிக்கறாங்களாம், எனக்குத் தூக்கம் வரல, வண்டிக்குப் பிரச்சனையா அம்மாவுக்குப் பிரச்சனையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணேன்னான்.

அம்மாவுக்குத்தான் தம்பின்னேன்.

சத்தமாத்தான் சொன்னேங்க. வண்டி நல்லாருக்குது, நான் மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன், கிளட்ச்ச மிதிக்கறதுலதான் கோளாறு, வயசாகுதில்லன்னேன். ஒரு பையன் மனசு விட்டுக் கேக்கறான், உள்ளதச் சொல்லணுமில்லீங்க. நான் அப்ப நல்லது பண்றதாத்தான் நினைச்சேன். மாரப்பன்கூட, நீ சொன்னது சரிதான்யா, பாலத்துல எங்காவது முட்டி வெச்சா என்ன ஆகறதுன்னான்.

 டீச்சர் செவுத்துல இருந்த காலண்டரையே பாத்துட்டு நின்னாங்க. அப்பறம், சாவி எங்க மாட்டட்டும் செல்லமுத்துன்னு கேட்டாங்க. அந்த ஆணியக் காட்டுனேன். மாட்டிட்டு, வண்டி இங்கயே இருக்கட்டும், இளங்கோ ஆள் அனுப்புவான்னு சொல்லிட்டு நடந்து போனாங்க. மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. ஆட்டோ கூப்பிடட்டுங்களா டீச்சர்னு கேட்டேன். கேட்டேங்க. அதைக் கேக்காம விட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது.

ஒரு மாசத்துல வண்டிய வித்துட்டாங்க. வாங்குனவன் காலைல பூ ஏத்திட்டுப் போற ஆளு, விடிகாலைல கெளம்பி ஏழு மணிக்குள்ள வீடு திரும்பிருவான். அவனுக்கு ஒரு நாளும் வண்டி விக்கி நிக்கல. அதைக் கேள்விப்பட்டதும், பாத்தீங்களா நான் சொன்னேனில்லன்னு நாலு பேர்கிட்டச் சொன்னேங்க.

அம்மா, என்னம்மா? இல்ல, இல்ல, இதை முடிச்சிடறேன், அப்பறம் சொல்லுங்க.

இதோ இந்தத் தட்டைப் பாருங்க சார். நட்டு போல்ட்டு போட்டு வெச்சிருந்த தட்டு. சாதாரணத் தகரம்தான், ஒரு ஓரம் மட்டும் வளைஞ்சிருக்குது. இது எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வருஷத்துக்கு மேல நான் யோசிக்கவே இல்ல. போன வருஷம் சித்திரையில இதே மாடல் வண்டி ஒண்ணு வந்துச்சு. உள்ள தகரம் கடகடன்னு ஆடுது, அந்தச் சத்தம் மட்டும் போகணும்னாரு வண்டிக்காரர். குனிஞ்சு பாத்தேன். புகைக்குழாய்க்கும் பெட்ரோல் பைப்புக்கும் நடுவுல ஒரு தகரம் இருக்குமுங்க. புகைக்குழாய் அனல் பெட்ரோல் பைப்பு மேல படாம மறைக்கறதுக்கு. அதோட போல்ட்டு லூஸாகி ஆடிட்டிருந்துச்சு. கழட்டி வீசிட்டாச் சத்தம் போயிருமுன்னு ஸ்பேனரை வெச்சேன். வெச்ச கை அப்படியே நின்னுபோச்சுங்க.

ஏன்னா நான் அதே வேலைய ஏற்கனவே பண்ணியிருந்தேன். டீச்சர் வண்டியில. டிசம்பர் மாசம் வந்து, உள்ள என்னமோ கடகடங்குதுப்பான்னாங்க. போல்ட்டு மரை தேஞ்சு போயிருந்துச்சு. புதுசாத் தொளை போட்டு மாட்டணும், அரை நாள் வேலை. இது இல்லாட்டி என்ன ஆயிரப் போகுதுன்னு கழட்டிட்டேன். சத்தம் போச்சு. டீச்சர் அவ்வளவு சந்தோசப்பட்டாங்க. தகரம் நல்ல அகலமா இருக்குதேன்னு ஓரத்தை வளைச்சுத் தட்டாக்கிக்கிட்டேன்.

மார்கழியில ஒண்ணும் தெரியல. மார்ச்ல வெய்யில் ஏறுச்சு. வண்டி ஓடிட்டு இருக்கறப்ப எப்படியோ சமாளிச்சுக்கும். ஓடி வந்து வெய்யில்ல நின்னுச்சுன்னா, நிக்கற வண்டிக்குக் காத்து கெடையாது, புகைக்குழாயோட அனல் பூரா பெட்ரோல் பைப்புல ஏறும். உள்ள இருக்கற பெட்ரோல் ஆவியாயிரும். பம்ப்பு எதை இழுக்கும்? ஆவியத்தான் இழுக்கும். எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் ஏத்தத்துல விக்கும். காலைல ஆறு மணிக்கு எடுத்தா? பட்டு மாதிரி ஓடும். ஆறு மணிக்கு இல்லாத வியாதிய நான் ஆறு மணிக்குத் தேடியிருக்கேன் சார். மூணு தடவ.

அன்னிக்கு அந்தத் தட்டைக் கவுத்தேன். நட்டெல்லாம் கீழ கொட்டுச்சு. அடியில ஒரு பேப்பர் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தட்டுல நட்டு உருண்டு சத்தம் போடக் கூடாதுன்னு கையில கெடைச்ச பேப்பரை விரிச்சிருக்கேன் போல. உரிச்சு எடுத்தேன். கிரீஸ் ஊறி இருந்தாலும் எழுத்து தெரிஞ்சுது. டீச்சரோட பேப்பருங்க. இந்தாங்க, பையில போட்டு வெச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க. உங்களுக்குக் கண்ணாடி இல்லையா. சரி, அம்மாகிட்டக் குடுங்க. சத்தமாவே படிங்கம்மா. நான் எத்தனையோ தடவ படிச்சாச்சு.

"செவ்வாய். பகல் 12.50. வெயிலில் நின்றது 45 நிமிடம். பாலத்து ஏற்றத்தில் மூன்று முறை விக்கல். வெள்ளி. நின்றது 50 நிமிடம். நான்கு முறை. இவர் அழுதார். ஞாயிறு. காலை 7. கோயிலுக்கு. விக்கல் இல்லை. செவ்வாய். மேகமூட்டம். ஒரு முறை மட்டும்."

கடைசி வரியும் இருக்குது, அந்தக் கிரீஸ் கறைக்குக் கீழ. அதையும் படிச்சிருங்க.

"டிசம்பரில் தகரச் சத்தத்தைச் சரி செய்த பிறகுதான் இது தொடங்கியதோ? செல்லமுத்துவிடம் கேட்க வேண்டும்."

கேக்க வேண்டும்னு எழுதியிருக்காங்க பாருங்க. எதுல தப்புன்னு கண்டுபுடிச்சுக் கையில கொண்டாந்து குடுத்திருக்காங்க. நான் அது மேல நட்டைப் போட்டு வெச்சேன். எனக்கு வெக்கமா இருக்குதுங்க. முப்பத்தோரு வருஷ மெக்கானிக்குன்னு போர்டு வெச்சிருக்கேன். அந்தப் போர்டுக்குக் கீழ உக்காந்து டீக் குடிக்கறப்பக் கூட வெக்கமாத்தான் இருக்குது.

அதோட போச்சுன்னா பரவால்ல. வண்டி போனதுக்கு அப்பறம் சாரை ஆட்டோவுல கூட்டிட்டுப் போனாங்க. ஆட்டோப் படி உசரம், ஏத்தறப்ப ஒரு நாள் விழுந்துட்டாரு. பையன் கால் டாக்சிக்கு ஏற்பாடு பண்ணுனான். வேத்து ஆளுங்க தூக்கி உக்கார வெக்கறது சாருக்குப் புடிக்கல, வர மாட்டேன்னு தலைய ஆட்டிட்டாரு. அப்படியே பிசியோதெரபிக்குப் போறது நின்னுபோச்சு. அதுக்கு முந்தி அவரு தானே ஸ்பூன் புடிக்க ஆரம்பிச்சிருந்தாராம். அதுவும் போனதுக்கு நான்தான் காரணம்னு சொல்ல முடியாதுங்க. வாதம்னா அப்படித்தான், சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது. டாக்டரே சொல்லியிருப்பாரு.

சொல்ல முடியும் சார். எனக்குத் தெரியும், சொல்ல முடியும்.

தகரத்தையும் பேப்பரையும் ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன், போன வருஷமே. போகாம இல்ல. கதவத் தொறந்தாங்க. வா செல்லமுத்து, உக்காருன்னு மோர் குடுத்தாங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னு டம்ளரையே பாத்துட்டிருந்தேன். அதுக்குள்ள அவங்களே பேசுனாங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்பா, நீ அன்னிக்குச் சொன்னது சரிதான், வண்டி மேல எந்தத் தப்பும் இல்ல, வாங்குனவர்கிட்ட நல்லாத்தான் ஓடுதாம், நான்தான் கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு அதைப் பாடாய்ப் படுத்திட்டேன், உனக்கும் மூணு தடவ வீண் அலைச்சல், மனசுல வெச்சுக்காதப்பான்னாங்க.

என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க சார். டம்ளரைக் கீழ வெச்சேன். அப்ப நான் வாயத் தொறந்திருக்கணும். பையி மடியிலதான் இருக்குது. பரவால்லீங்க டீச்சர்னேன்.

ஆமாங்க. பரவால்லீங்க டீச்சர்னு, நான் அவங்களை மன்னிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ரெண்டாவது தடவ தெரு முனை வரைக்கும் போனேன். ஜன்னல் தொறந்திருந்துச்சு. சாருக்குச் சோறு ஊட்டிட்டிருந்தாங்க. சாப்பிடற நேரத்துல போயித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு திரும்பிட்டேன். அதுக்கப்பறம் ஒரு வருஷம் ஆச்சு. அவங்க போற பஸ் இந்த வழியாத்தான் போகும். அந்த நேரம் பாத்து நான் எதாவது ஒரு பானெட்டுக்குள்ள தலைய விட்டுக்குவேன். உள்ள வேலை இருக்காது. சும்மா குனிஞ்சிருப்பேன்.

என்னமோ உங்ககிட்டச் சொல்லிட்டேன். இப்பக் கொஞ்சம் லேசா இருக்குது. இந்தத் தகரத்தை உங்க வண்டியில மாட்டிக் குடுத்தர்றேன், புதுத்தொளை போட்டு, நல்ல போல்ட்டாப் போட்டு. இருங்க, தொளைய நேத்தே போட்டு வெச்சுட்டேன். நேத்துன்னா, போன வருஷமே போட்டு வெச்சுட்டேன். வண்டிதான் இல்ல. இதோ, ரெண்டே போல்ட்டு. ஆச்சு. துணிய எடுத்தர்றேன், சூடு எறங்கிருச்சு.

சார், நீங்க உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை லேசா மிதிங்க. நான் இங்க இருந்து பைப்பைப் பாத்துக்கறேன்.

என்னங்க?

ஓட்டத் தெரியாதுங்களா. லைசென்ஸே இல்லீங்களா.

அப்ப குளித்தலையில இருந்து வண்டிய ஓட்டிட்டு வந்தது யாரு?

ஓ.

அம்மா, நீங்களா ஓட்டறீங்க. நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு வந்தப்ப நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க. சொல்லுங்கம்மா. சார்கிட்ட எத்தனை தடவக் கேட்டேன், அவருக்கு என்ன தெரியும் பாவம். சொல்லுங்க, எப்ப விக்குது?

பேங்க் வாசல்ல அரை மணி நேரம் நின்னுச்சா. வெய்யில்லயா. எடுத்து ஒரு கிலோமீட்டர் தாண்டி மேட்டுல மூணு தடவ விக்கி நின்னுச்சா. காலைல ஒரு நாளும் விக்கறதில்லையா.

இதைத்தானா வந்ததுல இருந்து சொல்ல வந்தீங்க. நான் ஃபேனுக்கடியில உக்காருங்க உக்காருங்கன்னே இருந்திருக்கேன். நீங்க வந்து எவ்வளவு நேரம் ஆச்சும்மா? முக்கா மணி நேரம். இந்த முக்கா மணி நேரமும் நான் என்ன கதை சொல்லிட்டிருந்தேன்னு நினைச்சா எனக்கே எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு தெரியல. அந்த டீச்சர்கிட்டப் பண்ணுனதையே, அந்த டீச்சரைப் பத்திச் சொல்லிக்கிட்டே, உங்ககிட்டயும் பண்ணியிருக்கேன்.

திட்டுங்கம்மா. திட்ட மாட்டீங்களா. வேற என்ன பண்ணணும்னு சொல்றீங்க?

ட்ரையலா. சரிதான், போய்ப் பாக்கணும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு…

இல்ல. இப்பவே. மணி ஒண்ணு அஞ்சு. வெய்யில் நடு மண்டையில இருக்குது. சரியான நேரம். நீங்களே ஓட்டுங்க, சார் முன்னாடி உக்காரட்டும், நான் பின்னாடி உக்காந்துக்கறேன். இந்தப் பக்கம் எடதுல திருப்பி மேம்பாலம் ஏறுங்க. கிளட்ச் நல்லா மிதிக்கறீங்கம்மா. டீச்சரும் இப்படித்தான், பாதத்த முழுசா வெச்சு மிதிப்பாங்க. அதை நான் பாத்திருக்கேன். பாத்துட்டுத்தான் அந்தப் பையன்கிட்ட அப்படிச் சொன்னேன்.

விக்கல. ஏத்தத்துல விக்கல. ஆனா இதுல முடிவு பண்ணக் கூடாதும்மா. ஓடி வந்து வெய்யில்ல நின்னு திரும்ப எடுக்கறப்பத்தான் தெரியும். எங்கயாவது ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வெக்கணும். நெழல்ல கூடாது.

எங்க நிறுத்தலாம்னு என்னைக் கேக்கறீங்க. அந்தப் பேப்பரை மடியில வெச்சுக்கிட்டுக் கேக்கறீங்க.

பாலம் எறங்குனதும் ரெண்டாவது தெரு. வேப்பமரம் தாண்டி பச்சைக் கேட்டு, டீச்சர் வீடு. அந்தப் பேப்பரை இங்க குடுங்க, என் கையில இருக்கட்டும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருப்பாங்கம்மா, சாயந்தரம் வேணா… இல்ல, போங்க. நான் எதாவது சொல்லிட்டே இருப்பேன், காதுல வாங்காதீங்க, நீங்க பாட்டுக்குப் போங்க. முனையில மட்டும் எறக்கி விட்டுறாதீங்க. முனையில விட்டா நான் திரும்பி வந்துருவேன், என்னை எனக்குத் தெரியும். அந்தப் பச்சைக் கேட்டு வாசல்லயே கொண்டு போய் நிறுத்துங்க.

நிறுத்திட்டு ஹாரன் அடிங்கம்மா. பெல்லு வேண்டாம். இந்த ஹாரன் சத்தம் அவங்களுக்குத் தெரியும்.